புத்தகத்தைக் கையில் எடுத்தால்தான் வீட்டில் எல்லாருக்கும் வேலை நினைவுக்கு வருகிறது! வாசிக்க நேரம் எப்படி ஒதுக்குகிறீர்கள்?

வளவுவாசி (பள்ளத்தூர்)

எல்லாருக்கும் வணக்கம். தொடங்குவதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் பார்த்தேன். "தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்", "படுக்கும் முன் பத்துப் பக்கம்" என்று நிறைய இருக்கிறது. எல்லாம் சரிதான். என் சிக்கல் வேறு.

எங்கள் வீட்டில் ஆறு பேர். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் மதியம் வரை வேலை பார்க்கிறேன். வந்து சாப்பிட்டுப் பாத்திரம் ஒதுக்கிவிட்டால், பிள்ளைகள் வரும் வரை எனக்கு உண்மையிலேயே வேலை கிடையாது. அந்த நேரத்தில் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) தூணோரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. புத்தகத்தை விரித்தால் போதும். "சும்மாதானே இருக்கே, அந்த வத்தலைக் கொஞ்சம் திருப்பிப் போடேன்." "சும்மாதானே இருக்கே, பருப்பு டப்பாவை எங்கே வெச்சே?" போன் பார்க்கிறவள் ஏதோ காரியமாக இருக்கிறாள், புத்தகம் படிக்கிறவள் சும்மா இருக்கிறாள். இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு வாரம் ஒரு நாவல் முடிப்பேன். இப்போது பொங்கலிலிருந்து ஒரே புத்தகம் தலைமாட்டில் கிடக்கிறது. நேரமே இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. அதை வாசிக்கிற நேரம் என்று மற்றவர்களை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் எப்படி என்று தெரியவில்லை. குடும்பத்தோடு இருக்கிறவர்கள் சொல்லுங்கள். தனி அறை பேச்சிலர்கள் கொஞ்சம் பொறுங்கள். :)

---

பல்லவன்_பயணி

பேச்சிலர்தான் ஆச்சி, இருந்தாலும் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

சென்னையில் வேலை. ஊருக்கு வந்தால் திரும்பிப் போவது பல்லவன் ரயிலில். விடியற்காலை ஐந்து மணி வாக்கில் காரைக்குடியில் ஏறினால் எழும்பூர் போய்ச் சேரப் பகல் பன்னிரண்டு தாண்டிவிடும். அந்த ஏழு மணி நேரம்தான் என் வாசிப்பு. திருச்சி வரை தூக்கம். அதற்கு மேல் முறுக்கு, காப்பி, புத்தகம். எதிர் சீட்டில் இருப்பவர் "எந்த ஊரு தம்பி" என்று ஆரம்பித்தால் மட்டும் கொஞ்சம் சேதாரம்.

நான் கண்டுகொண்டது ஒன்று. பெரிய நேரத்துக்குக் காத்திருந்தால் வாசிப்பு நடக்காது. நாளுக்குப் பதினைந்து பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 5,475 பக்கம். இருநூறு பக்கப் புத்தகமாகப் பார்த்தால் இருபத்தேழு புத்தகம் வருகிறது. பதினைந்து பக்கம் என்பது பேங்க்கில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிற நேரம். அதனால் பைக்குள் அடங்குகிற புத்தகமாக வாங்குங்கள். தலையணை சைஸ் புத்தகங்கள் வீட்டை விட்டு வெளியே வராது, அதனாலேயே முடியாது.

---

கோட்டையூர்க்காரன்

ரொம்பச் சிம்பிள். காலை நாலு மணிக்கு எழுந்திருங்கள். போனை வேறு அறையில் சார்ஜில் போடுங்கள். ஒன்றரை மணி நேரம் உங்களுடையது. நான் பல வருஷமாக இப்படித்தான் படிக்கிறேன்.

---

வளவுவாசி (பள்ளத்தூர்)

அண்ணே, நான் நாலு மணிக்கு எழுந்தால் வேலையும் நாலு மணிக்கே எழுந்துவிடும். ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்குக் காப்பி யார் போடுகிறார்கள்?

---

கோட்டையூர்க்காரன்

வீட்டில்தான்.

சரி, நான் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் எழுதுவதைப் படிக்கிறேன்.

---

தேவகோட்டை_வாத்தியார்

பேத்தி வயதுள்ள பெண் கேட்கிறாள், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் வீட்டுக்குள் வாசிப்பு நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. புரட்டாசியில் சில வீடுகளில் இராமாயணம் படிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஏட்டை வைத்துக்கொண்டு படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பட்டாபிஷேகத்தோடு முடியும். அந்த நேரத்தில் படிக்கிறவரைப் பார்த்து "சும்மாதானே இருக்கீங்க" என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். ஏனென்றால் அது வீட்டுக்கே சொந்தமான காரியம். உன் நாவல் உன் ஒருத்தியின் காரியம். வீட்டுக்கு அதில் பங்கு இல்லை. அதனால்தான் வத்தல் குறுக்கே வருகிறது.

என் யோசனை இதுதான். பிற்பகலில் மாமியாருக்குப் பத்துப் பக்கம் வாய்விட்டுப் படித்துக் காட்டு. வயதானவர்களுக்குக் கண் மங்கியிருக்கும், எழுத்துப் பொடியாக இருக்கும், ஆனால் கதை கேட்கிற ஆசை போயிருக்காது. ஒரு வாரம் கழித்து அவரே "இன்னிக்கு வாசிக்கலையா?" என்று கேட்பார். அதற்குப் பிறகு அந்த நேரத்துக்குக் காவல் அவர்தான்.

இன்னொன்று. நூலகவியலின் தந்தை ரங்கநாதன், நம் சீர்காழிக்காரர், 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் நாலாவது "வாசகரின் நேரத்தைச் சேமி" என்பது. நூலகர்களுக்காகச் சொன்னதுதான், ஆனால் வீட்டுக்கும் பொருந்தும். புத்தகத்தைத் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடக் கூடாது. எங்கே உட்காருகிறாயோ அங்கே புத்தகம் இருக்க வேண்டும். அலமாரியில் பூட்டி வைத்த புத்தகத்துக்கு வாசகர் கிடையாது. நூலகமும் அப்படித்தான். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, இந்தியாவில் அந்த வகையில் முன்னோடி. நாம் கட்டுகிற சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. காசு கட்டிவிட்டோம், போய் எடுத்தால் என்ன?

---

கல்லுப்பட்டறை (ஆத்தங்குடி)

வாத்தியார் ஐயா சொன்னது சரி. ஆனால் கை ஓயாத ஆட்கள் என்ன செய்வது?

நாங்கள் தரைக்கல் போடுகிறவர்கள். கண்ணாடியை வைத்து, சட்டம் மாட்டி, அச்சுக்குள் ஒவ்வொரு நிறமாகக் கலவையை ஊற்ற வேண்டும். அச்சை அசங்காமல் தூக்கவேண்டும், இல்லையென்றால் பூ கலங்கிவிடும். அப்புறம் மேலே சிமெண்டும் மணலும். மறுநாள் தண்ணீர்த் தொட்டி. பகல் பூராவும் கையில் சிமெண்ட். புத்தகத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் கல்லாகிவிடும்.

அதனால் நான் கேட்கிறேன். ஒலிப்புத்தகம். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வேன், இன்னொரு காது பட்டறைக்கு. போன மழைக்காலத்திலிருந்து பெரிய பெரிய சரித்திர நாவல்கள் எல்லாம் முடித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவதோடு நின்றவன் நான். சிலர் "அது வாசிப்பே இல்லை" என்கிறார்கள். எனக்கு அது புரியவில்லை. கதை எனக்குள் போனதா இல்லையா?

---

மணிமண்டபத்_தெரு (காரைக்குடி)

கல்லுப்பட்டறை அண்ணே, உங்களைக் குறை சொல்லவில்லை. கதை உள்ளே போகிறது, உண்மை. ஆனால் கேட்பதும் வாசிப்பதும் ஒன்று என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நம் ஊரில் சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து பங்குனிக்குப் பங்குனி கம்பன் விழா. சின்ன வயதிலிருந்து போகிறேன். மேடையில் ஒருவர் ஒரு பாடலை எடுத்து விரித்துச் சொன்னால் உடம்பு சிலிர்க்கும். வீட்டுக்கு வந்து அதே பாடலைப் புத்தகத்தில் எடுத்துப் பார்த்தால்தான் அவர் சொன்னது எவ்வளவு, கம்பன் சொன்னது எவ்வளவு என்று தெரியும். கேட்கும்போது பேச்சாளர் ஓட்டத்தில் நாம் போகிறோம். படிக்கும்போது ஒரு வரியில் நின்று கால்மணி நேரம் யோசிக்கலாம், பிடிக்கவில்லை என்றால் தாண்டலாம். நிற்கவும் தாண்டவும் முடிகிற உரிமைதான் வாசிப்பு. நாவலுக்குச் சரி, கவிதையைக் காதில் மட்டும் வாங்கிக்கொண்டு முடித்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது.

---

கல்லுப்பட்டறை (ஆத்தங்குடி)

நானும் நிறுத்தலாம் தம்பி, பட்டன் இருக்கிறது. கையில் சிமெண்ட் இருப்பதால் மூக்கால் அழுத்துவேன். :)

---

குரூப்_டூ_தம்பி

நான் ஒரு வித்தியாசமான கேஸ். நாள் பூராவும் படிக்கிறேன். ஆனால் வாசிப்பதே இல்லை.

அரசுத் தேர்வுக்குத் தயார் பண்ணுகிறேன். 2025 ஜனவரியில் அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் முதல்வர் திறந்து வைத்தாரே, வளர்தமிழ் நூலகம், அங்கே போய் உட்காருவேன். அருமையான இடம். சுற்றி அவ்வளவு புத்தகம் இருக்கிறது, என் மேசையில் மட்டும் வினா வங்கி. எந்த ஆசிரியர் எந்த நூலை எழுதினார் என்று நூறு பேரைச் சொல்வேன். அதில் ஒரு நூலைக்கூட முழுசாகப் படித்தது கிடையாது. தலைப்பும் பெயரும் ஆண்டும் தெரிந்தால் ஒரு மதிப்பெண், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கதைப்புத்தகத்தைக் கையில் எடுத்தாலே குற்ற உணர்ச்சி வருகிறது. "இந்த நேரத்தில் ஒரு மாதிரித் தேர்வு போட்டிருக்கலாமே" என்று. அதே நேரத்தில் ரீல்ஸ் பார்த்தால் அந்தக் குற்ற உணர்ச்சி வருவதில்லை! அக்கா சொன்ன அதே கணக்கு. உங்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் போடுகிறார்கள், எனக்கு நானே போட்டுக்கொள்கிறேன்.

---

வளவுவாசி (பள்ளத்தூர்)

தம்பி, இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். எனக்கும் உள்ளுக்குள் ஓர் ஆள் "சும்மாதானே இருக்கே" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். மாமியார் சத்தமாகச் சொல்வதால் அவர் பேர் கெட்டுப்போகிறது.

---

செம்பவாங்_சொக்கன்

சிங்கப்பூரிலிருந்து. இங்கே எம்ஆர்டி ரயிலில் போகிற நேரம்தான் எனக்கு. எல்லாம் போனில். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் இன்னும் நடக்கிறது, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிய பழைய தமிழ் நூல்கள் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் ஸ்கேன் செய்த பழைய பதிப்புகள் நிறைய. ஒரு சங்கடம்: ஸ்கேன் பக்கங்களைச் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிப்பதற்குள் ஸ்டேஷன் வந்துவிடும்.

போனில் படிப்பவர்களுக்கு ஒரு யோசனை. புத்தகம் திறக்கும்போது இணையத்தை அணைத்துவிடுங்கள். முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் எதற்கு? வாட்ஸாப் சத்தம் வந்தால் முடிந்தது, அப்புறம் ஒரு பத்தியை மூன்று தடவை படிப்போம்.

வேறு விஷயம். ஊரில் எங்கள் பாட்டையா வீட்டு மேல்மாடியில் ஒரு பெட்டகம் நிறையப் புத்தகம் கிடக்கிறது. ரங்கூனிலிருந்து கொண்டு வந்தவை, பழைய மாத இதழ்கள், கல்யாண அழைப்பிதழ்கூட இருக்கிறது. பங்காளிகள் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

---

முனீஸ்வரன்கோவில்_தெரு

கடைக்காரனே சொல்கிறேன், எடைக்குப் போடாதீர்கள். எங்கள் தெருவுக்குத் தூண், கதவு, எனாமல் பாத்திரம் வரும்போது கூடவே புத்தகக் கட்டும் வரும். வாங்க வருகிறவர்கள் பாத்திரத்தைத்தான் புரட்டுவார்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வீட்டில் சேர்த்து வைத்ததும் இப்படிப்பட்டவைதான். புத்தகம், இதழ், நோட்டீஸ், நாடக விளம்பரம் என்று ஒரு லட்சத்தை ஒட்டி. 1992இல் அவர் காலமானார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கடல் தாண்டிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் ஆனது. புதுக்கோட்டையில் ஞானாலயாவும் இருக்கிறது, தனி மனிதர்கள் சேர்த்து நடத்துவது. கொடுப்பதற்கு முன் இந்த மாதிரி இடங்களில் ஒரு வார்த்தை கேளுங்கள். பூச்சி அரித்தாலும் பரவாயில்லை, வெயிலில் மட்டும் காயப்போட்டுவிடாதீர்கள், தாள் பொடிந்துவிடும்.

---

மட்டுறுத்துநர்

பெட்டகப் புத்தகங்களுக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். யார் என்ன விலைக்குக் கேட்டார்கள் என்று தனிமடலில் பேச வேண்டாம், பழைய அனுபவம் இருக்கிறது. இங்கே வாசிப்பு நேரம் மட்டும்.

---

வளவுவாசி (பள்ளத்தூர்)

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். வாத்தியார் ஐயா சொன்னதைச் செய்து பார்த்தேன்.

முதல் நாள் மாமியார் "எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார். நான் பாட்டுக்குப் படித்தேன். கதை கிராமத்தில் ஒரு பாகப்பிரிவினை. நடுவில் "அந்த மூத்த மருமக சரியில்லை" என்றார். அப்போதே தெரிந்துவிட்டது. இப்போது சாப்பாடு முடிந்ததும் அவரே பாயை விரித்து வைக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பேச வந்தால் "கொஞ்சம் இரு, இவ படிக்கட்டும்" என்கிறார். வத்தலை மாமனார் திருப்பிப் போடுகிறார், நம்புவீர்களா!

ஆனால் ஒன்று. அவருக்குக் கதை வேண்டும், அதுவும் குடும்பக் கதை. நான் படிக்க நினைத்து வைத்திருப்பது கடல் வணிகம் பற்றிய ஒரு வரலாற்று நூல். நாலு பக்கம் படித்துப் பார்த்தேன், குறட்டை வந்துவிட்டது. ஆக, வாசிக்கிறேன், ஆனால் அவருக்குப் பிடித்ததை. தலைமாட்டுப் புத்தகம் தலைமாட்டிலேயே இருக்கிறது.

---

கண்டாங்கி_மீனா (காரைக்குடி)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது சொல்லியே ஆகவேண்டும்.

வாத்தியார் ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனால் அவர் சொன்ன வழி என்ன? வாசிப்பையும் ஒரு பணிவிடையாக மாற்றினால் வீடு ஒத்துக்கொள்ளும் என்பதுதானே? கால் பிடித்துவிடுவது போல இதுவும் ஒன்று. வளவுவாசிக்கு மாமியாரோடு நல்ல பொழுது கிடைத்தது, சந்தோஷம். அவள் கேட்டது அது இல்லையே.

நம் ஊர் ஆண்களுக்கு வாசிக்க எப்போதும் வீட்டுக்கு வெளியே ஓர் இடம் இருந்திருக்கிறது. மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை 1909இல். காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் 1917இல், பாரதியாரே 1919இல் வந்துபோன இடம். பெரிய காரியம்தான், பெருமைதான். அங்கே உட்கார்ந்து படித்தவரைத் தேடி யாரும் பருப்பு டப்பா எங்கே என்று கேட்டு வந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் இருந்த பெண்களுக்கு அப்படி ஓர் இடம் கிடைத்ததா?

நான் சேலைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். திங்கட்கிழமை சந்தைக்குப் போகிற வழியில் நூலகத்தில் இறங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் காய் வாங்குவேன். வீட்டில் "சந்தைக்குப் போயிருக்கா" என்றுதான் தெரியும். பொய் இல்லை, சந்தைக்கும்தான் போகிறேன். உடம்பு வீட்டுக்குள் இருக்கும் வரை அது பொதுச் சொத்து. வாசலைத் தாண்டினால்தான் நேரம் நம் கைக்கு வரும்.

---

தேவகோட்டை_வாத்தியார்

மீனா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் வீட்டை மாற்றுகிற வழியைச் சொன்னேன், அவள் வீட்டைத் தாண்டுகிற வழியைச் சொல்கிறாள். ஆனாலும் நூலகம் எட்டாத ஊர்களில் இருக்கிறவர்கள், வெளியே போக முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? எல்லாருக்கும் வழியில் நூலகம் வராது. நூலக நண்பர்கள் என்று தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிற திட்டம் ஒன்று உண்டு. உங்கள் கிளை நூலகத்தில் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

---

புதுவயல்_அரவை

அரிசி ஆலை மெஷின் சத்தத்தில் முப்பது வருஷமாகத் தினசரியைத் தவிர எதையும் படிக்காதவன் எழுதுகிறேன். இவ்வளவு பாடுபட்டுப் படிக்கத்தான் வேண்டுமா? பிடித்தால் படியுங்கள், இல்லையென்றால் விடுங்கள். வருஷத்துக்கு இருபத்தேழு புத்தகம் என்று கணக்கு வைத்தால் அதுவும் ஆலைக் கணக்கு மாதிரி ஆகிவிடும்.

---

பல்லவன்_பயணி

அண்ணே, அது கணக்குக்காகச் சொன்னது. நானே அவ்வளவு படித்ததில்லை.

---

வளவுவாசி (பள்ளத்தூர்)

புதுவயல் அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. எனக்கு எண்ணிக்கை வேண்டாம். அந்தக் கடல் வணிகப் புத்தகத்தில் நம் ஆட்கள் பர்மாவுக்குப் போன கதை வருகிறது. எங்கள் வீட்டுத் தேக்குத்தூண் எங்கிருந்து, யார் காசில், என்ன கணக்கில் வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. அவ்வளவுதான். அதை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

இரண்டையும் வைத்துக்கொள்ளப் போகிறேன். பிற்பகல் மாமியாரோடு. வாரத்தில் ஒரு நாள் மகளையும் கூட்டிக்கொண்டு நூலகம், அவள் சிறுவர் பகுதியில், நான் என் புத்தகத்தோடு. வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவேன் மீனா, "படிக்கப் போகிறேன்" என்றே. என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம். பள்ளி முடிந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

---

கண்டாங்கி_மீனா (காரைக்குடி)

வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை! இரண்டாம் சனிக்கிழமையும் கிடையாது. வியாழக்கிழமை போங்கள். மகளுக்கும் தனியாக ஓர் உறுப்பினர் அட்டை போட்டுவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் அட்டையில் அவள் படக்கதையாக எடுத்துத் தீர்த்துவிடுவாள்.